பதினொரு தேர்வுப்பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

பங்கு வாங்கி ரயில் நிறுவனங்களை நடத்தும் 1830 என்ற பலகை விளையாட்டைப் பற்றி முன்பு நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அதற்குள் வந்தேன். தொலைவில் இருக்கும் நண்பர்களோடு ஆடுவதற்காக அதற்கு ஒரு மென்பொருளும் எழுதினேன். ஒவ்வொருவரும் ஒரு மாற்றுவிதி கேட்டார்கள்: வங்கியில் பணத்தைக் குறைப்பது, எத்தனை பங்கு விற்றாலும் விலை ஒரு கட்டம் மட்டும் இறங்குவது, விற்ற பங்குகளுக்கு மட்டும் நிறுவனத்துக்குப் பணம் தருவது என்று. கேட்டபோதெல்லாம் அந்த விதியைப் போடவோ விடவோ திரையில் ஒரு தேர்வுப்பெட்டி சேர்த்தேன். இப்போது பதினொன்று இருக்கின்றன. போன வாரம், ஒரு விதியை நான் தவறாக எழுதியிருந்தது தெரிந்து திருத்தினேன். பாதியில் நின்றிருந்த நான்கு ஆட்டங்கள் அதன்பிறகு திறக்கவே இல்லை. இனி அச்சிட்ட விதிப்புத்தகம் மட்டும்தான் என்று முடிவெடுத்துவிடலாமா? அல்லது எல்லாவற்றையும் ஆடுபவர்களிடமே விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பதினொரு பெட்டிகள் என்றால் 2048 வெவ்வேறு விளையாட்டுகள். நீங்கள் ஆடிப்பார்த்தவை ஏழெட்டு இருக்குமா? எல்லாவற்றையும் ஆடுபவர்களிடமே விடுகிறேன் என்பது பெருந்தன்மைபோலத் தோன்றும். சோதிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

விதிப்புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளவும் முடியாது. இந்த ரயில் விளையாட்டுகளின் குடும்பமே விதிகளை மாற்றி மாற்றி வளர்ந்தது. ஃபிரான்சிஸ் ட்ரெஷாமின் 1829 வெளிவந்தது 1974ல். அவருடைய 1830 வந்தது 1986ல். பிறகு வந்தவர்கள் அவர் தோட்டத்தில் சில செடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டார்கள். புத்தகமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1830ன் சந்தை அட்டவணையில் ஒரு நிறுவனத்தின் விலை அடிமட்டத்திலுள்ள பழுப்புக் கட்டத்துக்கு விழுந்துவிட்டால், ஒரு முறைக்கு ஒரு பங்கு என்ற கட்டுப்பாடு தளர்ந்து பல பங்குகளை வாங்கலாம். யாரோ விற்றுச் சந்தையில் கிடப்பவற்றை மட்டுமா, இன்னும் முதல் விற்பனையே ஆகாதவற்றையுமா? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுபவர்கள் அந்தக் கேள்வி வரும் நாளில் ஐந்து நிமிடம் சண்டை போட்டு முடித்துக்கொள்வார்கள். பலருக்கு அந்த நாள் வருவதே இல்லை. நிரலுக்கு அந்த வசதி கிடையாது. முதல் ஆட்டத்துக்கு முன்பே பதிலை எழுதியாக வேண்டும். இவ்வகை விளையாட்டுகளை உலாவியில் தரும் 18எக்ஸ்எக்ஸ்.கேம்ஸ் இதை ஒரு தேர்வாகவே வைத்திருக்கிறது. நியாயமான பெட்டி என்றால் எனக்கு அதுதான்.

உங்கள் பட்டியலில் என்னை உறுத்துவது, விற்ற பங்குகளுக்கு மட்டும் பணம் என்ற பெட்டி. 1830ல் 60 சதவீதம் விற்றதும் பத்துப் பங்குகளின் தொடக்க விலையும் நிறுவனத்தின் கருவூலத்துக்கு வந்துவிடும். 100 டாலர் விலை வைத்தால் 1000 டாலர். நண்பர் கேட்டபடி செய்தால் 600. நீங்கள் ஒரே ஒரு பெருக்கலை மாற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மீதி நான்கு பங்குகளுக்கான ஈவுத்தொகை யாருக்கு? 1830ல் யாருக்கும் இல்லை, வங்கியிலேயே தங்கிவிடும். பகுதி பகுதியாக மூலதனம் சேரும் விளையாட்டுகளில் அவை பெரும்பாலும் நிறுவனத்தின் கையிருப்பு; ஈவும் அதற்கே போகும். அந்த நான்கைப் பின்னால் ஒருவர் வாங்கும்போது கொடுப்பது தொடக்க விலையா, அன்றைய சந்தை விலையா? இதோடும் நிற்காது. ரயிலின் எண், அது எத்தனை நகரங்கள் வரை ஓடும் என்பது. முதல் 4 ரயிலை யாராவது வாங்கியதும் எல்லா 2 ரயில்களும் துருப்பிடித்துக் காணாமல் போகும். 300 டாலர் கொடுத்து இன்னொரு ரயில் வாங்க 1000 டாலரோடு பிறந்த நிறுவனத்தால் முடியும். 600ல் பிறந்தது ஏற்கெனவே செலவழித்திருந்தால் தலைவர் தன் சட்டைப்பைக்குள் கைவிட வேண்டும். அவரிடமும் இல்லாவிட்டால் திவால். 1830ல் அந்த நொடியே ஆட்டம் முடிகிறது. நண்பர் கேட்டது ஒரு விதி. உங்கள் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது நாலைந்து.

ஆகவே, நிரலின் நடுவில் எங்கேயும் "ஏழாவது பெட்டி போட்டிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "விற்காத பங்கின் ஈவு யாருக்கு?", "விற்றால் விலை எத்தனை கட்டம் இறங்கும்?" என்று விளையாட்டின் மொழியிலேயே கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல ஒரே ஓர் இடம் இருக்கட்டும். மாற்றுவிதி என்பது அப்படிப்பட்ட சில பதில்களின் கட்டு. ஆட்டம் தொடங்குமுன் அதைக் கட்டிவிட்டால் பிறகு யாரும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. மூன்று பேருக்கு 20, நான்கு பேருக்கு 16 என்று ஒருவர் வைத்திருக்கக்கூடிய பங்குச் சான்றிதழ்களின் வரம்பும், வங்கியின் 12,000 டாலரும் வெறும் எண்கள். அவை அட்டவணையில் கிடக்கட்டும்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்றையொன்று கொல்லும் பெட்டிகளும் கண்ணில் படும். 1830ல் விற்கும் ஒவ்வொரு பங்குக்கும் விலை ஒரு கட்டம் இறங்குகிறது. எத்தனை விற்றாலும் ஒரு கட்டம்தான் என்று மாற்றினால் பழுப்புக் கட்டத்துக்கு ஒரு நிறுவனம் போய்ச்சேர்வதே அபூர்வமாகிவிடும். அதன்பிறகு பழுப்புப் பெட்டி திரையில் இருக்கும், ஆட்டத்தில் இருக்காது.

நீங்கள் பட்டியலிடாத பன்னிரண்டாவது பெட்டி ஒன்றும் இருக்கிறது. உங்கள் மென்பொருள் சிறந்த பாதையைத் தானே கண்டுபிடித்துத் தருகிறதா? மேசையில், எத்தனை நகரங்களுக்கும் ஓடும் டீசல் ரயிலை வைத்திருப்பவர் விரலால் தடம் பிடித்து, ஒரு நகரத்தைத் தவறவிட்டு, வருமானத்தை இழப்பதும் விளையாட்டில் சேர்ந்ததுதான். பெரிய வரைபடத்தில் அந்தக் கணக்கு கணினிக்கே கொஞ்சம் மூச்சுமுட்டும். தானியங்கிப் பாதையை நான் வரவேற்கிறேன், விரல் கணக்கு எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் அதுவும் மாற்றுவிதிதான் என்பதை நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். பின்வாங்கும் பொத்தானும் அப்படியே. 1830ல் ஆட்டம் தொடங்கிய பிறகு பகடையோ சீட்டோ கிடையாது, ஆகவே ஒரு நகர்வைத் திரும்பப் பெற்றால் ரகசியம் எதுவும் கசியாது. டிக்கெட் டு ரைட் என்ற இன்னொரு பலகை விளையாட்டில் மூடிய சீட்டை எடுத்துப் பார்த்தவரை அதேபோல் பின்வாங்க விட்டீர்களானால் ஏமாற்றுவதற்குப் பொத்தான் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

இறந்துபோன நான்கு ஆட்டங்களுக்கு வருகிறேன். நீங்கள் நகர்வுகளை மட்டும் சேமித்து, திறக்கும்போதெல்லாம் முதலிலிருந்து ஓட்டிப்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் பழைய விதியில் செல்லுபடியான நகர்வு புதிய விதியில் செல்லாமல் போனால் ஓட்டம் அங்கேயே தடம்புரளும். நகர்வுகளோடு தேர்வுகளையும் நிரலின் பதிப்பெண்ணையும் சேர்த்துச் சேமியுங்கள். மேலே சொன்ன தளத்தில், ஒரு திருத்தம் பழைய ஆட்டங்களை உடைத்தால் அவற்றைப் பழைய பதிப்போடு ஆணியடித்து வைத்துவிடுகிறார்கள். தவறான விதியோடு தொடங்கியவர்கள் அதே விதியோடு முடிக்கிறார்கள். விதியைத் தவறாக எழுதியது நீங்கள், அதை நம்பிப் பங்கு வாங்கியது அவர்கள்.

பதினொன்றில் எதை எடுப்பது? வங்கிப் பணம் இருக்கட்டும். மூலதனப் பெட்டியை எடுத்துவிட்டு, அதன் எல்லாப் பதில்களோடும் தனிப் பெயர் வைத்த இன்னொரு விளையாட்டாகக் கொடுங்கள். ஒரே ஒருவர் கேட்டு, அவரும் ஒருமுறைகூட அழுத்தாத பெட்டிகள் குறைந்தது மூன்று இருக்கும். அவற்றை யாரிடமும் சொல்லாமல் நீக்கிவிட்டு யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு முன்னால் அந்த நான்கு ஆட்டங்களையும் பழைய பதிப்பில் ஏற்றிவிடுங்கள். யாரோ ஒருவர் டீசல் வாங்கக் காத்துக்கொண்டிருப்பார்.