பொது ஆவணக் காப்பகம் தன் சேகரிப்பை மக்களுக்கு எட்டச் செய்வது எப்படி?

அரசும் அமைப்புகளும் தங்கள் வேலையின்போது உண்டாக்கிய கடிதங்கள், பதிவேடுகள், படங்களில் நிலையாக வைத்திருக்கத் தக்கவற்றைக் காத்து, மக்கள் பார்க்கத் தரும் இடமே பொது ஆவணக் காப்பகம்.

நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக இருக்கும். காப்பகத்தில் ஆவணங்கள் எந்த அலுவலகத்திலிருந்து வந்தனவோ, அந்த வரிசையிலேயே இருக்கும். ஒரு தாளை யார், எதற்காக எழுதினார் என்ற சான்று கலையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பரணில் 'தாத்தா பெட்டி', 'அத்தை பெட்டி' என்று வைத்திருப்பதைப் போல: பத்திரம் எதில் இருக்கிறது என்று தெரிந்தவர் சொன்னால்தான் கிடைக்கும். அதனால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் நல்ல விவரப் பட்டியல்தான் முதல் வாசல் என்பேன். ஸ்கேனிங், இலவச வாசிப்பறை, ஊர் ஊராகக் கண்காட்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பட்டியலைச் சம்பந்தப்பட்ட சமூகத்தோடு சேர்ந்து எழுதும்போது பெரிய மாற்றம் வருகிறது. பழைய படங்களில் பழங்குடியினரைப் பெயர் இல்லாமலேயே பதிவுசெய்திருப்பார்கள். அவர்களின் சமூகத்து மூத்தோருக்குப் பெயர் தெரிந்திருக்கும். கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் 2002-இல் தொடங்கிய 'புராஜெக்ட் நேமிங்' என்ற திட்டம் இப்படித்தான் படங்களில் உள்ள இனுவிட் பழங்குடியினரின் பெயர்களை அவர்களின் மூத்தோரிடம் கேட்டுச் சேர்த்தது. எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியாது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விவரம் எழுதாத கோப்பு இணையத்திலும் தேடலில் சிக்காது, தனிமனிதரின் அந்தரங்க விவரங்கள் உள்ள கோப்புகளோ குறித்த காலம்வரை மூடியிருக்க வேண்டியவை.