பாசம் வர நாளாகுமா?

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. எட்டாம் மாதத்திலேயே சிசேரியன் செய்து எடுத்ததால், பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பால் கொடுப்பதிலும் குளிப்பாட்டுவதிலும் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை; ஆனாலும் வேறு யாருடைய பிள்ளையையோ பார்த்துக்கொள்வது போலவே இருக்கிறது. வீட்டில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. என்னைப் போன்ற தாய்மார்கள் வாரம் ஒரு முறை காணொளி வழியே கூடிப் பேசும் குழு ஒன்று இருப்பதாகத் தோழி சொல்கிறாள். பச்சை உடம்போடு போனைப் பார்க்கக் கூடாது என்கிறார் மாமியார். சேரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சேருங்கள், சகோதரி. வீட்டில் சொல்ல முடியாததை எனக்கு எழுதிவிட்டீர்கள். அதையே ஆறேழு தாய்மார் முன்னால் சொல்லி, அவர்களில் ஒருத்தி "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லக் கேட்பதுதான் இத்தகைய குழுவின் முதற்பயன். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே பாசம் பொங்கிவிடும் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். பலருக்கு அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. தையல் வலியோடு, தூக்கிக் கொஞ்ச முடியாமல் கண்ணாடிக்கு இப்புறம் நின்ற உங்களுக்குத் தாமதமாவதில் வியப்பில்லை. அது உங்கள் குற்றமும் அன்று.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். குழந்தைகள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில். குறைமாதப் பிள்ளைக்கு இதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் ஏங்கியிருக்கும் அந்தப் பதில் சிரிப்பு உங்கள் வீட்டில் இப்போதுதான் வரத் தொடங்கும்.

குழுவில் வெறும் பேச்சு மட்டும் நடக்கிறதா, குழந்தைக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் கவனித்த ஓர் அமர்வில், நடத்தியவர் எல்லோரையும் கைப்பேசியை ஒரு சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, மடியில் கிடக்கும் பிள்ளையின் முகத்தையே இரண்டு நிமிடம் பார்க்கச் சொன்னார். ஒரு குழந்தை தாயைப் பார்த்து "ங்கா" என்றது. சற்று நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என்னைப் பிடிக்கவில்லை" என்று அந்தப் பெண் கண்கலங்கினாள். "கூப்பிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்றார் நடத்தியவர். சில நொடிகளில் அது தானாகவே திரும்பி அம்மாவின் முகத்தைத் தேடியது. கைக்குழந்தைக்கு ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே உழைப்பு. நடுநடுவே திரும்பிக்கொண்டு இளைப்பாறுகிறது, அவ்வளவுதான். ஆயிரம் பேர் எடுத்துச் சொன்னாலும் மனத்தில் பதியாத இது, சொந்த மடியில் நடக்கும்போது பதிகிறது.

நடத்துபவர் மனநல ஆலோசகராகவோ பயிற்சி பெற்ற செவிலியராகவோ இருக்க வேண்டும். சத்துமாவு விற்பவர்கள் நுழையும் குழுவும், குழந்தைகளின் படங்களை வெளியே பகிரும் குழுவும் வேண்டாம். மாமியாரிடம், "அத்தை, நீங்களும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் உடம்பின் மீதுள்ள அக்கறையில்தான் அவர் தடுக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் குழு மருத்துவத்துக்கு ஈடாகாது. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். அதைக் கண்டறிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கேளுங்கள். குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் கடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், அடுத்த வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல், அருகிலிருப்பவரிடம் உடனே சொல்லிவிட்டு, இரவானாலும் அரசின் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.