சீட்டுக்கட்டு கேள்வி-பதில்: தோற்றால் திரும்ப வாங்கிக்கலாம் என்று ஆல்-இன் போகலாமா?

கே: சார், ஆபீஸ் நண்பர்களோடு அடுத்த மாதம் கோவா போகிறேன். அங்கே கேசினோவில் ஒரு ரீபை போக்கர் டோர்னமென்ட் ஆட ஆசை. "முதல் ஒரு மணி நேரம் எந்தச் சீட்டு வந்தாலும் ஆல்-இன் போ, தோற்றால் திரும்ப வாங்கிக்கலாம்" என்கிறான் என் டீம் லீட். சரியா?
- பெருங்குடி வாசகர்

ப: உங்கள் டீம் லீட் சொல்வதில் பாதி சரி, தம்பி. மீதிப் பாதிக்குத்தான் பில் வரும்.

ரம்மி மட்டும் ஆடிப் பழகியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைதான் சிப். கையில் இருக்கிற சிப் எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் வைத்துவிடுவதுதான் ஆல்-இன். சாதாரண டோர்னமென்டில் சிப் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். ரீபையில் முதல் சில லெவல்கள் (நேரம் வைத்துப் பிரித்த கட்டங்கள்) வரை, உங்களிடம் இருப்பது ஆரம்பத்தில் கொடுத்த அளவிலோ அதற்குக் கீழேயோ இருந்தால், மறுபடி பணம் கட்டி சிப் வாங்கலாம். அந்த நேரம் முடியும்போது ஆட்-ஆன் என்று கடைசியாக ஒருமுறை எல்லோருக்கும் கொடுப்பார்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியான பாதி எது? பயம் இல்லாமல் ஆட வேண்டும் என்பது. கையில் இரண்டு ஏஸ் வந்து நான்கு பேர் ஆல்-இன் வந்தால், சாதாரண டோர்னமென்டில் வயிற்றைக் கலக்கும். ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் 100-க்கு 85 தடவை ஜெயிக்கிற ஏஸ் ஜோடி, நான்கு பேர் இருந்தால் 56 தடவைக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் ஜெயித்தால் வருவது போட்டதைப் போல ஐந்து மடங்கு! ரீபை நேரத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? தோற்றாலும் நாற்காலி உங்களுடையதுதான்.

தப்பான பாதி, "எந்தச் சீட்டு வந்தாலும்" என்பது. அந்த ஒரு மணி நேரத்தில் எவனும் ஃபோல்ட் பண்ண மாட்டான், அதாவது சீட்டை மடக்கிவிட்டு விலக மாட்டான். யாரும் ஃபோல்ட் பண்ணாத மேஜையில் ஒன்பதும் நாலும் வைத்துக்கொண்டு ஆல்-இன் போவது தானதர்மம். அந்தத் தானத்தை வாங்குகிறவராக நீங்கள் இருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சிப்பைத் தள்ளுகிறவனுக்கு எதிரே ஏஸ்-பத்து கிடைத்தாலே 10-க்கு 6 தடவை உங்கள் பக்கம். ஏழு-ஏழு ஜோடி அதைவிடக் கொஞ்சம் மேல். சாதாரணமாக ஏஸ்-பத்தை வைத்து ஆல்-இன்னை கால் பண்ண (அதே அளவு வைத்து எதிர்கொள்ள) சொன்னால் நானே திட்டுவேன். இங்கே தாராளமாகப் பண்ணுங்கள். ஆனால் எதிரே இருப்பவர் அந்த மணி நேரம் முழுக்கப் பந்தயமே கட்டாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஆல்-இன் போனால் மரியாதையாக விலகிவிடுங்கள். ரீபை என்றாலும் நிதானமாக ஆடுகிறவர்கள் சில பேர் இருப்பார்கள்.

சின்ன ஜோடிகளை மலிவாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஃப்ளாப்பில் (மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டுகளில்) அதே எண்ணில் மூன்றாவது சீட்டு வந்து சேர்வது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான். வந்துவிட்டால் பாட் (நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயம்) பெரிதாக இருக்கும். நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதாகக் காட்டிப் பந்தயம் கட்டும் பிளஃபை மட்டும் ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் பொய் எதற்கு?

அப்புறம் பணம். நுழைவுக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு 10,000 சிப் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உட்கார்ந்த உடனே ஒரு ரீபை எடுத்துவிடுவது நல்லது, பெரும்பாலும் விடுவார்கள். நல்ல சீட்டு வரும்போது எதிராளியிடம் 20,000 சிப் இருந்து உங்களிடம் 10,000தான் இருந்தால், பாதி லாபம் அங்கேயே போய்விடும். ஆக நுழைவு, உடனே ஒரு ரீபை, நடுவில் ஒன்று, கடைசியில் ஆட்-ஆன் என்று 20,000 ரூபாய் ஒதுக்குங்கள். 5,000தான் முடியும் என்றால் அந்தப் பணத்துக்கு ரீபை இல்லாத டோர்னமென்ட் ஆடுங்கள். எதிரே இருப்பவனுக்கு நாலு உயிர், உங்களுக்கு ஒன்று என்றால் கை நடுங்கும்.

2006 உலக போக்கர் தொடரில் ஆயிரம் டாலர் ரீபை போட்டி ஒன்றில் பிரபல போக்கர் ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு 40 தடவைக்கும் மேல் ரீபை வாங்கினார். பணக்காரர்கள் பட்டத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்ற புகார் அப்போதே உண்டு. 2009-லிருந்து அந்தத் தொடரில் ரீபை போட்டிகளையே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், நெக்ரானுவின் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் யோகம்.

கே: போன வருஷம் கோவாவில் என் கணவர் வாங்கிக்கொண்டே இருந்தார். "நாலு தடவை கட்டியாச்சு, இப்ப எப்படி விடறது?" என்றார். எப்போது நிறுத்துவது?
- நங்கநல்லூர் வாசகி

ப: கட்டியது போனதுதான், அம்மா. அடுத்த 5,000-த்துக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளைண்ட் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய சின்ன, பெரிய கட்டாயப் பந்தயம்; லெவல் ஏற ஏற அதுவும் ஏறும். அது 25-50 ஆக இருக்கும்போது 10,000 சிப் என்பது 200 பெரிய பிளைண்ட். கடைசி ரீபை லெவலில் 200-400 ஆகிவிட்டால் அதே 10,000 வெறும் 25. விலை மாறவில்லை, சரக்கு சுருங்கிவிட்டது. அந்த நேரத்தில் ரீபை எடுத்தால் ஆட்-ஆனும் சேர்த்து எடுக்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் எழுந்து வந்து உங்களோடு மண்டோவி ஆற்றங்கரையில் நடக்கட்டும். காது சிவந்து போய் வாங்குகிறார் என்றால் கணக்கே வேண்டாம், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கே: ஆன்லைனில் காசு கட்டி ரீபை பழகலாமா?
- திருவல்லிக்கேணி வாசகர்

ப: முடியாது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இலவச சிப் மேஜையில் பழகுங்கள். அங்கேயும் எவனும் ஃபோல்ட் பண்ண மாட்டான் என்பதால், ரீபை நேரத்துக்கு அது நல்ல பயிற்சிதான்.

கே: ஆட்-ஆன் கட்டாயம் எடுக்கணுமா? எடுத்த பிறகு எப்படி ஆடுவது?
- அண்ணா நகர் வாசகர்

ப: முதலில் 5,000 ரூபாய்க்கு 10,000 சிப் என்றால் ஒரு சிப் 50 பைசா. ஆட்-ஆனில் அதே 5,000-த்துக்கு 15,000 கொடுத்தால் 33 பைசா. ஆடித் தள்ளுபடி மாதிரி. 20,000 சிப் வைத்திருப்பவருக்கு இது உயிர், யோசிக்காமல் எடுக்கலாம். ஒரு லட்சம் சேர்த்துவிட்டவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஆனாலும் விலை மலிவு என்பதால் நான் எடுப்பேன்.

மணி அடித்து ரீபை மூடியதும் ஆட்டம் மாறிவிடும். இனி சிப் போனால் ஆளும் வெளியே. ஒரு மணி நேரமாகக் கண்டபடி தள்ளியவர்களுக்கு அந்தப் பழக்கம் உடனே போகாது, அடுத்த லெவல் முழுக்கத் தள்ளுவார்கள். நீங்கள் ஏஸ்-பத்தை மடக்கிவிட்டு, பெரிய ஜோடிக்கோ ஏஸ்-ராஜாவுக்கோ காத்திருங்கள். அவர்களில் பாதிப் பேர் எழுந்து போன பிறகு, பெட்டியில் பூட்டி வைத்த பிளஃபை வெளியே எடுக்கலாம்.