முதல் உறைபனிக்கு முன் தோட்டத்தில் என்ன செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டது இது: குளிர்நாட்டுக்கு வந்து முதல் வருடம். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். தரையில் தக்காளி, மிளகாய், ரோஜா, ஒரு ஆப்பிள் கன்று. தொட்டியில் கறிவேப்பிலையும் மல்லிகையும். குளிர் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி, உரம் போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடலாமா?

மூன்றுமே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. முதலில் குழாயைப் பாருங்கள். செடி போனால் இன்னொன்று வைக்கலாம், சுவருக்குள் குழாய் வெடித்தால் வீடே நனையும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. வெளிச்சுவர்க் குழாயில் ஹோஸ் பைப்பை மாட்டியபடியே விட்டால், உள்ளே தேங்கிய தண்ணீர் வடிய வழியில்லாமல் உறைந்து, சுவருக்குள் இருக்கும் பகுதியைப் பிளந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. குளிர் போய் முதல்முறை குழாயைத் திறக்கும்போதுதான் உள்ளே கொட்டும். ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்துச் சுருட்டி வையுங்கள். வெளிக்குழாய்க்கென்று வீட்டுக்குள் தனியாக ஒரு அடைப்பு வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு, வெளிக்குழாயைத் திறந்து சொட்டு நிற்கும்வரை விடுங்கள். வால்வின் பக்கவாட்டில் சின்ன வடிகால் மூடி இருந்தால் கீழே ஒரு வாளி வைத்து அதையும் திறந்து வடியுங்கள். வாடகை வீடு என்றால் வால்வு எங்கே என்று உரிமையாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். 'உறையாத குழாய்' என்று சொல்லப்படும் வகை இருந்தாலும் ஹோஸைக் கழற்றத்தான் வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் அதிலும் தண்ணீர் வடியாது. மழைநீர்ப் பீப்பாயைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்தின் டைமரும் காலி மண்தொட்டிகளும் உள்ளே போகட்டும்.

அடுத்தது, எப்போது எதைச் செய்வது. நாள்காட்டியை நம்பாதீர்கள். இரவு வெப்பநிலையைப் பாருங்கள். இரவில் 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கத் தொடங்கினால் வெப்பநாட்டுச் செடிகளை உள்ளே எடுக்கும் நேரம். முன்னறிவிப்பில் 3 டிகிரி என்று இருந்து, வானம் தெளிவாகவும் காற்றில்லாமலும் இருந்தால், தரையில் உறைபனி விழ வாய்ப்பு உண்டு. முன்னறிவிப்பு சொல்வது ஆள் உயரத்துக் காற்றின் சூட்டைத்தான், தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

தொட்டிச் செடிகளை அப்படியே தூக்கி உள்ளே வைத்தால் அசுவினியும் வெள்ளை ஈயும் செதில் பூச்சியும் கூடவே வரும். வெளியில் இயற்கை எதிரிகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்தவை, வீட்டுக்குள் இரண்டே வாரத்தில் பெருகிவிடும். இலையின் அடிப்பக்கத்தை நீர்ப்பீச்சலில் நன்றாகக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் தெளித்து, மற்ற செடிகளிடமிருந்து இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். பிறகு வெயில் அதிகம் விழும் ஜன்னலோரம், ஹீட்டரின் சூடான காற்று நேராகப் படாத இடம்.

கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டும், பயப்படாதீர்கள். வெளிச்சமும் சூடும் குறைந்ததால் அது ஓய்வுக்குப் போகிறது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது. இந்த நேரத்தில்தான் பலர் பாவப்பட்டு தினமும் தண்ணீர் ஊற்றி, உரமும் போட்டு வேரை அழுகவிட்டுக் கொல்கிறார்கள். மேல்மண் 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரமே வேண்டாம்.

தக்காளியும் மிளகாயும் ஒரே உறைபனியில் கருகிவிடும். அதற்கு முந்தின நாளே காய்களைப் பறித்துவிடுங்கள். வெளிறிய பச்சைக்கு வந்துவிட்ட தக்காளி, வீட்டுக்குள் 15 முதல் 20 டிகிரியில் தானாகப் பழுக்கும், அதற்கு வெயில் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுக்காது. ஒரு இரவுக் குளிரை மட்டும் தாண்ட வேண்டுமென்றால், குச்சிகள் நட்டு மெல்லிய துணியைத் தரைவரை தொங்கவிட்டு மூடுங்கள். செடியைக் காப்பது மண்ணிலிருந்து எழும் சூடு. துணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்தச் சூடு உள்ளே போகாது. பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் உறையும், காலையில் வெயில் ஏறினால் உள்ளே வெந்தும் போகும். இதனால்தான் பிளாஸ்டிக் வேண்டாம் என்றேன்.

பட்டுப்போன தக்காளிச் செடியில் இலைக்கருகல் நோய் இருந்தால் அதை மட்கு உரக் குவியலில் போடாதீர்கள். செடியை எடுத்த பாத்தியை வெறும் மண்ணாக விடாமல் 3 முதல் 5 செ.மீ. மட்கு உரம் பரப்பி, மேலே உலர்ந்த இலை. ஒரு பாத்தியில் பூண்டு போடலாம், குளிர்நாட்டில் இதற்கு இதுதான் பருவம். தரை உறைவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு, பற்களைக் கூர்முனை மேலே இருக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, வைக்கோல் மூடாக்கு இடுங்கள். அடுத்த கோடையில் அறுவடை.

இனி வெட்டுவதும் உரமும். இலையுதிர் காலத்தில் கவாத்து செய்தாலோ தழைச்சத்து கொடுத்தாலோ செடி இளந்தளிர் விடும். அந்தத் தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்து கருக்கிவிடும். லைலாக் போன்ற வசந்தகாலப் பூஞ்செடிகள் அடுத்த ஆண்டுக்கான மொட்டை ஏற்கெனவே கட்டிவிட்டன. இப்போது வெட்டினால் பூ இல்லை. காய்ந்தது, நோயுற்றது, காற்றில் முறியக்கூடியது இவற்றை மட்டும் எடுங்கள். உங்கள் பகுதியில் கடுங்குளிர் என்றால், ஒட்டு ரோஜாவின் ஒட்டுப் பகுதியை 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண்ணோ மட்கு உரமோ அணைத்து மூட வேண்டும். ஆனால் சில கடுமையான உறைபனி விழுந்த பிறகுதான். முன்கூட்டியே மூடினால் செடி ஓய்வுக்குப் போகாது, எலியும் உள்ளே குடியேறும்.

ஆப்பிள் கன்றுக்குக் குளிரைவிட எலியும் முயலும் பெரிய ஆபத்து. பனிக்கடியில் சுரங்கம் போட்டு வந்து பட்டையைச் சுற்றிக் கொறித்துவிட்டால் மரம் போய்விடும். 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையை அடித்தண்டைச் சுற்றி, கொஞ்சம் மண்ணுக்குள் புதைத்து, வழக்கமாகப் பனி சேரும் உயரத்துக்கும் மேலே 30 செ.மீ. நிற்கும்படி கட்டுங்கள். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று பலர் மறப்பது தண்ணீர். குளிரில் பச்சையாகவே நிற்கும் மரஞ்செடிகள் இலைவழியே நீரை இழந்துகொண்டே இருக்கும். தரை உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. வசந்தத்தில் பழுப்பேறி நிற்பதைப் பார்த்து 'குளிர் தாங்கவில்லை' என்பார்கள். பெரும்பாலும் தாகம்தான். தரை உறையும்வரை வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள்.

புல்தரையைக் கடைசியாக 5, 6 செ.மீ. உயரத்தில் வெட்டி, மேலே கிடக்கும் இலையை அள்ளிப் பாத்தியில் போடுங்கள். நனைந்த இலை கெட்டியாகப் படிந்தால் புல் அடியில் அழுகும். நடைபாதையில் பனி உருக்க உப்பு தூவும்போது செடியோரம் மட்டும் மணல் தூவுங்கள். உப்புக் கலந்த பனியை வாரிப் பாத்தியில் தள்ளினால், வசந்தத்தில் அந்த ஓரம் மட்டும் துளிர்க்காது.