நாடி இருக்கட்டும், அந்த ஒயர் பக்கத்து ஈரத்தைக் கவனியுங்கள்

நாடி தட்டுப்படவில்லையே என்று ராத்திரி எழுந்து எழுந்து கணவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். பலவீனமான இதயத்துக்குத் துணையாக அவருக்குப் பொருத்தியிருக்கும் ஹார்ட்மேட் 3 பம்ப் இதயம் மாதிரி சுருங்கி விரிவதில்லை. உள்ளே காந்த விசையில் மிதக்கும் சின்னச் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 5,000 முறை சுற்றி, இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குள் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் பலருக்கு நாடி கைக்கே கிடைக்காது, வீட்டு பிபி மெஷின் எரர் காட்டுவதும் அதனால்தான். அவர் பேசுகிறார், நடக்கிறார், வயிற்று வழியாக வெளியே வரும் ஒயரில் பம்ப்போடு இணைந்திருக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் அலாரம் இல்லை, நெஞ்சில் காது வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது என்றால் பம்ப் ஓடுகிறது.

தூக்கத்தில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது: தூங்கும்போது பேட்டரியில் விடவே கூடாது, சுவர் பிளக்கில்தான் இணைக்க வேண்டும். கரண்ட் போனால் அலாரம் எழுப்பிவிடும், கன்ட்ரோலருக்குள் இருக்கும் அவசர பேட்டரி 15 நிமிடமாவது தாங்கும், சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஜோடியைக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள். உங்கள் மகன் நெட்டில் பார்த்துப் பயந்த செய்தி, மெட்ரானிக் நிறுவனம் 2021-ல் விற்பனையை நிறுத்திய ஹெச்வாட் என்ற வேறு பம்ப்பைப் பற்றியது. டிவி, செல்போன் தாராளமாக. எம்ஆர்ஐ ஸ்கேன் மட்டும் கூடவே கூடாது.

சரி, கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "வயிற்றில் ஒயர் வெளியே வரும் இடத்தில் ஒரு வாரமாக லேசாக ஈரம், மஞ்சள் குழைத்துப் போட்டோம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம்." முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தானே! பம்ப் வைத்தவரின் உடம்பில் கிருமிக்கு எப்போதும் திறந்திருக்கும் வாசல் அந்த ஒயர் துளைதான். அங்கே ஆரம்பிக்கும் தொற்று ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும், பம்ப் வரை போய்விட்டால் மருந்தால் மட்டும் அதை வேரறுக்க முடியாது, சிலருக்கு மறுபடி ஆபரேஷன் வரை போகும், ரத்தத்தில் கலந்தால் பக்கவாத ஆபத்தும் கூடும். இதற்கு மேல் மஞ்சளா? பல ஆன்டிபயாடிக்குகள் ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரலாம். அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கால், கசிவை எடுத்துக் கல்ச்சர் செய்தாலும் என்ன கிருமி என்று தெரியாமல் போகலாம்.

இன்றைக்கே பம்ப் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், சீழ், பரவும் சிவப்பு, இதில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். சமீபத்தில் ஒயர் எங்காவது மாட்டி இழுபட்டதா என்று அவரிடம் கேளுங்கள், இந்தத் தொற்று பல பேருக்கு அப்படி ஒரு இழுப்பில்தான் தொடங்குகிறது. வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், போனதும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள், என்ன மருந்து எத்தனை நாள் உள்ளே போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.