வேலையை விட்டுவிட்டு யூடியூபில் வாத்தியம் வாசித்தே பிழைக்க முடியுமா?

நிரந்தரச் சம்பளம் வருகிறது, புதிதாக மைக்கும் வாங்கியாகிவிட்டது, வீட்டில்தான் திட்டு விழுகிறது. உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், வேலையை விடாதீர்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் நாயனம் வாசிக்கிறவன். சேனலில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அதைத் தாண்டியும் எனக்கு வருவது நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி வாங்கத்தான் காணும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாவிட்டால் அதற்குப் பைசா கிடையாது. பொறாமையில் பேசுகிறான் என்று யாராவது வருவீர்கள். கோடிப் பார்வை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும், நான் மற்றவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

எனக்குச் சோறு போடுவது வீடியோவுக்குக் கீழே இருக்கும் ஊர்ப்பெயரும் போன் நம்பரும்தான். முன்பின் தெரியாதவர் கோயம்புத்தூரில் பார்த்துவிட்டு அச்சாரம் அனுப்புகிறார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாதே, அப்போது ஆன்லைன் வகுப்புதான் கைகொடுக்கிறது. டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் சாயங்காலம், எனக்கு விடிகாலை. ஜூமில் இரைச்சல் குறைப்பை அணைக்காவிட்டால் சுருதிப்பெட்டியை அது ஃபேன் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். சேர்ந்து வாசிக்கவும் முடியாது, சத்தம் தாமதமாகப் போவதால் நான் வாசித்து நிறுத்தியபிறகு பிள்ளை வாசிக்க வேண்டும், தாளம் அங்கே ஒருபக்கம் இங்கே ஒருபக்கம். ஆனாலும் மாதச் சம்பளம் மாதிரி வரும் ஒரே பணம் அதுதான்.

தியாகராஜர் காலமானது 1847-ல். அவர் கீர்த்தனையை நான் என் நாயனத்தில் வாசித்துப் போட்டால், அது தங்கள் ஒலிப்பதிவு என்று ஒரு கேசட் கம்பெனி உரிமை கோருகிறது! சினிமாப் பாட்டுக்குக் கேட்டால் நியாயம், அதற்கு மெட்டுப் போட்டவர் இருக்கிறார். இதற்கு ஆட்சேபம் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

இதை விடக் கடுப்பு கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள். கெட்டிமேளம் கொட்டி நாங்கள் வாசிப்பதை ரீல்ஸில் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்குகிறார்கள். மண்டபத்துக்கு டேக், மேக்கப் போட்டவருக்கு டேக், சமையல் கான்ட்ராக்டருக்குக்கூட டேக். வாசித்தவன் பேர் மட்டும் இருக்காது. கேட்டால் "அண்ணே, உங்களுக்கு ஐடி இருக்கா?" என்கிறார்கள். எல்லா வீடியோக்காரர்களையும் சொல்லவில்லை, கேட்காமலே பேர் போடுகிற தம்பிகளும் உண்டு. அப்புறம் அந்தச் சமையல் கான்ட்ராக்டர் விஷயம், டேக் எல்லாம் வாங்கிக்கொள்ளட்டும், விடிகாலையிலிருந்து ஊதுகிற எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்து வடை தீர்ந்துபோச்சு என்று சொல்லாமல் இருந்தால் போதும்.