சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்

அன்புள்ள ஐயா,

அரையாண்டு விடுமுறையில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சேலத்திலிருந்து காரில் கிளம்பி ஆறு நாட்கள் சுற்றிவந்தேன். திருச்சி, தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, தூத்துக்குடி, கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திண்டுக்கல் என்று பாதை. வழியில் உள்ள நான்கு நண்பர்களைப் பார்ப்பதும், ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊருக்குப் பேர்போன உணவைச் சாப்பிடுவதும் திட்டம். ஒரு மாதம் தேடி, கடைவாரியாகப் பட்டியல் போட்டிருந்தேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மொறுமொறுப்பும், சால்னா ஊற்றிய பின்னும் அதன் ஓரம் ஊறாமல் நின்ற பதமும், திண்டுக்கல்லில் பிரியாணி அண்டாவைத் திறந்தபோது எழுந்த சீரகச் சம்பாவின் மணமும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

சங்கடம் நண்பர்களின் வீடுகளில்தான் வந்தது. தஞ்சாவூர் நண்பனிடம் மதியம் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பட்டியலில் இருந்த கடையில் கூட்டம். அங்கே சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. நண்பனின் மனைவி வங்கியில் வேலை பார்ப்பவர். அரைநாள் விடுப்பு எடுத்து ஏதோ கூட்டு, குழம்பு என்று வழக்கமான வீட்டுச் சாப்பாடு செய்துவைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பயணம் போகிறவனுக்கு ஊர்ச் சாப்பாட்டை ருசிக்கும் உரிமை இல்லையா? அடுத்த முறை விடுதியில் தங்கிக்கொண்டு, நண்பர்களை ஒரு மணிநேரம் மட்டும் பார்த்துவரலாமா? போகும் வீட்டுக்கு என்ன வாங்கிப்போவது? இரவில் ஓட்டிப் பகலை மிச்சப்படுத்துவது நல்லதா?

அன்புடன்,
ம., சேலம்

அன்புள்ள ம.,

தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் கட்டிவைத்த சத்திரங்களைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் நள்ளிரவில் அடிக்கப்பட்ட ஒரு மணி மனத்தை விட்டுப் போகவே இல்லை. அந்தச் சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது. வேறு சமயம் வந்திருந்தால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். என்ன வாங்கிப்போவது என்பது ஒரு பிரச்சினையே இல்லை; பழம் வாங்கிக்கொண்டு போங்கள். இரவில் ஓட்டாதீர்கள். பின்னிருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, விடியற்காலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் கண்ணைச் செருகிக்கொண்டு ஓட்டி நீங்கள் மிச்சப்படுத்தும் பகல் யாருக்கும் தேவையில்லை. மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் இருபத்தைந்து மீட்டர் போய்விடும்; நான்கு நொடி கண் அசந்தால் நூறு மீட்டர். இதற்குமேல் இதில் பேச எதுவும் இல்லை.

ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மணப்பாறையில் முறுக்கை இருமுறை எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள் என்பதையும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் பின்னால் கரிசல் மண்ணின் கடலை இருக்கிறது என்பதையும் குழந்தைகள் அந்த ஊரில் நின்று தெரிந்துகொள்வது நல்ல விஷயம். உங்கள் பட்டியல்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தம் உங்கள் கடிதத்தின் இரண்டே சொற்களின் மேல். பரோட்டாவின் ஓரம் எப்படி ஊறாமல் நின்றது என்பதுவரை பார்த்து எழுதத் தெரிந்த நீங்கள், உங்களுக்காகவே ஒருவர் விடுப்பு எடுத்துச் சமைத்ததை ‘ஏதோ கூட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஏதோ’வைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் முழுதாகத் தணியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு நீங்கள் போன வழியில்தான் ஒரத்தநாடு இருக்கிறது. அங்கே இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டிய சத்திரம் ஒன்று இருக்கிறது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தஞ்சை நாட்டின் நிர்வாகம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆட்சி போன அந்த மன்னர் 1801இல் தஞ்சையில் இருந்த கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களைத் தன்னிடமே விட்டுவைக்கும்படி மன்றாடும் கடிதம் அது. தஞ்சை நாடு தர்மராஜ்ஜியம் என்று பெயர் எடுத்ததே இந்தச் சத்திரங்களால்தான், தன் பதவிக்குரிய பெருமைகளில் அதையே பெரிதாக நினைக்கிறேன் என்று அதில் சொல்கிறார். பிறகு சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். வழிப்போக்கர்களுக்குச் சாதி பார்க்காமல் சோறு போடப்படுகிறது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மசாலா சாமான்களும் கொடுக்கப்படுகின்றன. நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு; கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு உண்டு; குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளைச் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்களுக்கு மூன்றுவேளைச் சோறு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்த் தலைமுழுக்கு. எல்லாவற்றுக்கும் மேல் அந்த மணி. பந்தி நள்ளிரவுவரை நடக்கும். அப்போது மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வந்து, அவர்களுக்கென்று ஆக்கிவைத்த சோற்றை வாங்கிக்கொள்ளலாம் என்று கூவி அறிவிப்பார்கள்.

மணியடிப்பவன் அதுவரை விழித்திருக்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள். அவன் மட்டுமா? அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பவன், சோற்றைத் துணி போட்டு மூடி வைத்திருப்பவன் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். இருட்டில் நடந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவனுக்காக, அவன் வருவானா மாட்டானா என்றே தெரியாமல் விழித்திருக்கிறார்கள். உங்களுக்காகக் காத்திருந்தவர்களுக்கோ உங்கள் பெயர் தெரியும், வண்டியின் நிறம் தெரியும், நீங்கள் சொன்ன நேரமும் தெரியும்.

1989 பொங்கலை ஒட்டி நானும் ஒரு நண்பனும் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினோம். பாம்பனில் கடல்மேல் போட்ட சாலைப் பாலம் திறக்கப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை சாலை வழியாகப் போக முடியாத தீவுக்கு வண்டியிலேயே போய்விடலாம் என்ற உற்சாகம் எங்களுக்கு. ஒரத்தநாட்டுக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் எங்கள் கல்லூரித் தோழன் ஒருவனின் வீடு. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் வந்துவிடுவோம் என்று ஒரு வாரம் முன்னதாகவே போஸ்ட் கார்டு போட்டிருந்தேன். தஞ்சாவூரில் ஊர் சுற்றியதில் ஒன்பதாகிவிட்டது. பசி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கல்லில் பரோட்டா அடிக்கும் சத்தம் கேட்டதும் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

தெருவில் ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம் இருந்தது. திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சின்னதாகத் திரித்து வைத்துக்கொண்டு தோழனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவன் எங்களைத் தேடிச் சாலைமுனைவரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். நாங்கள் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது கூடத்தில் பாய் விரித்து, அதன்முன் இரண்டு நுனியிலைகள் போடப்பட்டிருந்தன. காய்ந்துவிடாமல் இருக்க அவற்றின்மேல் ஈரத்துணி. “சாப்பிட்டுட்டுத்தாம்மா வந்தோம்” என்று நான்தான் சொன்னேன். பெரிய சங்கடத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவதாகவே எனக்கு அப்போது நினைப்பு. அவர் ஒரு கணம் இலைகளைப் பார்த்தார். “அப்படியாப்பா, சரி. பாலாவது காய்ச்சித் தரேன், குடிச்சிட்டுப் படுங்க” என்றார்.

நடு இரவில் தண்ணீர் தாகம் எடுத்து எழுந்தேன். அடுக்களையில் அதே விளக்கு. அம்மா கதவுப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கும்பாவில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று அதுவரை அவர் வாயில் எதையும் வைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் ஒரு பானை நிறையச் சோற்றில் தண்ணீர் ஊற்றியிருந்தார். எங்களுக்கு ஆக்கிய சோறு அது. நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். காலையில் அந்த இரண்டு இலைகளையும் மாடு தின்றுகொண்டிருந்தது. அம்மா எங்களுக்குப் பழையதைப் பிழிந்துவைத்து, முதல்நாள் இரவு விரால் மீன் குழம்பை ஊற்றி, “மீன்குழம்பு மறுநாள்தாம்ப்பா ருசி, ராத்திரி சாப்பிட்டிருந்தா இந்த ருசி வந்திருக்காது” என்றார். எங்கள் குற்றத்தை எங்களிடமிருந்து எடுத்துத் தன் குழம்புக்குள் போட்டுக் கரைத்துவிட்டார். அந்தக் குழம்பின் புளிப்பு எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது. தஞ்சாவூரில் சாப்பிட்ட பரோட்டா எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது.

அந்த வீட்டில் தொலைபேசி கிடையாது. வர நேரமாகும் என்று சொல்ல எங்களுக்கு வழி இருக்கவில்லை. அதைச் சொல்லி முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் எனக்கு ஓரளவு ஆறுதல் தேடிக்கொள்கிறேன். உங்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. கூட்டம் நிறைந்த கடைவாசலில் நீங்கள் நின்ற நேரமெல்லாம் கைபேசி உங்கள் கையில்தான் இருந்தது. வரிசை எவ்வளவு நீளம் என்று படம்கூட எடுத்திருப்பீர்கள். “இங்கே நேரமாகிறது, எங்களுக்காகச் சமைக்க வேண்டாம்” என்று பன்னிரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் வேலைக்குப் போயிருப்பார். அல்லது கால் நீட்டிப் படுத்து ஒருமணி நேரம் ஓய்வெடுத்திருப்பார். நாம் விருந்தோம்பல் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் இடுப்புவலி. அதை மாற்ற வேண்டும், ஆண்களும் அடுப்பருகே நிற்க வேண்டும் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒருவர் பட்ட பாட்டை வீணாக்குவது அவருடைய பாட்டைக் குறைப்பதாகாது.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். வள்ளல் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லும்போதே வழியில் கிடைக்கும் சாப்பாட்டையும் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். கடற்கரையில் எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், முல்லை நிலத்து வேலூரில் புளி சேர்ந்த சூடான சோறும் ஆமான் என்ற காட்டுமாட்டின் இறைச்சியும், மருத நிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும். நீங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட பட்டியலின் மூதாதை அது. ஆனால் அதில் கடை எதுவும் வராது. ஒவ்வோர் ஊரிலும் ‘பெறுகுவிர்’ என்றே முடிக்கிறார். பரதவர் வீட்டில் பெறுவீர்கள், வேட்டுவரான எயினர் குடிசையில் பெறுவீர்கள், உழவர் வீட்டில் பெறுவீர்கள். ஒரு நிலத்தின் உணவு அந்த நிலத்து மனிதர்களின் அடுப்பில் இருந்தது. இன்றும் அப்படித்தான். தஞ்சாவூரின் சாப்பாட்டைத் தேடி வரிசையில் நின்றீர்கள். இரண்டு தெரு தள்ளித் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உங்களுக்காக அதைச் சமைத்து மூடிவைத்துக் காத்திருந்தார்.

விடுதியில் தங்கிக்கொண்டு ஒரு மணிநேரம் மட்டும் பார்த்துவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். நாள் முழுக்க வேலைக்குப் போய்வருகிற வீடுகளில் அது அவர்களுக்கும் நிம்மதியாகவே இருக்கும். சொன்ன நேரத்துக்குப் போங்கள், சமைக்க வேண்டாம் என்றால் முதல்நாளே சொல்லுங்கள், வேளைக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டால் பசியோடு போங்கள். வழியில் எந்தக் கடையில் எந்த அண்டாவைத் திறந்தாலும் சரி.

நீங்கள் மோசமானவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் முகம் சுருங்கியதைக் கவனித்திருக்கிறீர்கள். வாரங்கள் கழித்தும் அது உறுத்தித்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலை அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, நண்பனை விட்டுவிட்டு நேராக அவரிடமே பேசுங்கள். அன்று வைத்திருந்தது என்ன கூட்டு, எந்தக் காய், அரைத்துவிட்டதா பொடி போட்டதா என்று கேளுங்கள். கேட்டு எனக்கும் எழுதுங்கள்.